பிரித்துக் கட்டிய பழைய டிரக் எஞ்சினில் கார்புரேட்டர் கோளாறுகளைக் கண்டறியும் முறை

எஞ்சினை இறக்கிப் பிரித்து, போர் செய்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் போட்டுக் கட்டிய பழைய டிரக் சரியாக ஓடவில்லை என்றால், பெரும்பாலோரின் கை முதலில் கார்புரேட்டரைத்தான் தேடிப் போகிறது. ஐடிலிங் நிற்கவில்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் திணறுகிறது, கறுப்புப் புகை வருகிறது, சூடானபின் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கோளாறு எந்த வடிவில் வந்தாலும் பழி அதன் மேல்தான் விழுகிறது. இப்படிப் பழி சுமக்கும் கார்புரேட்டர்களில் பலவற்றில் பெரிய குறை எதுவும் இருப்பதில்லை என்பதைப் புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்புரேட்டர் தானாகப் பெட்ரோலை எஞ்சினுக்குள் தள்ளுவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் இழுவையால் காற்று கார்புரேட்டரின் குறுகலான தொண்டை வழியே விரைந்து செல்கிறது. அங்கே ஏற்படும் அழுத்தக் குறைவுதான் பெட்ரோலை மேலே இழுத்துக் காற்றோடு கலக்கிறது. ஆகவே எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவையோ சீரையோ எது மாற்றினாலும், அது வால்வு இடைவெளியாக இருந்தாலும் கேஸ்கெட் கசிவாக இருந்தாலும் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பிசகாக இருந்தாலும், வெளியில் கார்புரேட்டர் கோளாறாகவே தெரியும். பிரித்துக் கட்டிய எஞ்சினில் இவை அனைத்துமே ஒரே நேரத்தில் கைபட்டு மாறியவை என்பதால், கார்புரேட்டரைக் கடைசியாகத் திறப்பதே சரியான வரிசை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வைத்து, அதன் விளைவைப் பார்த்தபின்பே அடுத்ததைத் தொடுங்கள்.

வேலைக்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படர்ந்து தொலைவில் இருக்கும் சிறு நெருப்பைக்கூடப் பற்றிக்கொள்ளும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பெட்ரோல் தீக்கு உரிய தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தபடி யாரையும் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டாம். டைமிங் தவறியிருந்தால் தீச்சுவாலை அதன் வாய் வழியே மேலே வரும். ஏர் கிளீனர் வடிகட்டுவதோடு நில்லாமல் அந்தச் சுவாலையையும் தடுக்கிறது. எனவே சோதனைக்குத் தேவையான நேரம் தவிர அதைக் கழற்றி வைக்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட்: இப்போது கார்புரேட்டரைத் திருத்த வேண்டாம்

கேம்ஷாஃப்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட்டுகள் பழைய டிரக் எஞ்சின்களில் பெரும்பாலும் தட்டையானவையாகவே இருக்கும். புதிய கேம்ஷாஃப்டும் புதிய டேப்பெட்டும் ஒன்றோடொன்று உராய்ந்து பழக, முதன்முறை ஸ்டார்ட் ஆனவுடன் 20 முதல் 30 நிமிடம் வரை எஞ்சினை ஏறத்தாழ 2000 ஆர்.பி.எம். வேகத்தில், சற்றே ஏற்றி இறக்கி, ஓட்ட வேண்டும். கேமின் முகடுகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட் சுழன்று தெறிப்பதால்தான் கிடைக்கிறது. ஐடிலிங் வேகத்தில் அது போதாது. இந்த நேரத்தில் ஐடிலிங்கைச் சரிசெய்ய முனைபவர்கள் புதிய கேமையே தேய்த்து அழித்துவிடுகிறார்கள்.

ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தை அதன் காற்றுத் துளை வழியாகச் சிறிய புனல் கொண்டு நிரப்பிவிடுங்கள். அப்படிச் செய்தால் பம்பு பெட்ரோலை இழுத்துவரும் வரை ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்ற வேண்டியிராது. பெட்ரோல் வெளியே கசிந்தால் உடனே அணைத்து, கசிவை நிறுத்திய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து, விட்ட நேரத்தைத் தொடருங்கள்.

படி 1: கம்ப்ரெஷன், வால்வு, தீப்பொறி

எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தகட்டை) முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து எழுதுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவின் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. புதிய ரிங் இன்னும் படியாத நிலையில் எல்லாச் சிலிண்டரும் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு. ஒன்று மட்டும் தனியே தாழ்ந்து நின்றால் அங்கே வால்வு முழுதாக மூடவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். டேப்பெட் இடைவெளியை மிக நெருக்கமாக வைத்துவிடுவது புதியவர்களின் கையில் அடிக்கடி நடப்பது. அப்போது வால்வு மூடாமல் ஐடிலிங் நடுங்கும். எந்தக் கார்புரேட்டர் ஸ்க்ரூவாலும் அதை அடக்க முடியாது.

அடுத்து, தீப்பொறி. கார்புரேட்டர் வாய் வழியே வெடிச் சத்தமும் தீயும் வந்தால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் 180 பாகை திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேலே வருவது இரண்டு முறை நடக்கிறது; கம்ப்ரெஷனில் வரும் முறையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பிளக் துவாரத்தில் விரலை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினால், காற்று விரலைத் தள்ளும் முறை எது என்பது தெரிந்துவிடும். பிறகு பிளக் ஒயர்களின் வரிசையைச் சரிபாருங்கள். செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினில் அது 1-8-4-3-6-5-7-2. ஃபோர்டு 289, 302 எஞ்சின்களின் பழைய வரிசை 1-5-4-2-6-3-7-8. நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் 1-5-3-6-2-4. செவ்ரோலெட்டில் 5, 7 ஆகிய இரு சிலிண்டர்களும் அடுத்தடுத்து நின்று அடுத்தடுத்து எரிவதால், அவற்றின் ஒயர்கள் உரசிக்கொண்டு போனால் ஒன்றின் மின்சாரம் மற்றொன்றில் தாவி மிஸ் அடிக்கும். அந்த இரண்டையும் பிரித்துக் கட்டுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் இடைவெளியை வைத்த பிறகுதான் டைமிங்கைப் பார்க்க வேண்டும், ஏனெனில் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். எஞ்சினின் இழுவையைக் கொண்டு டைமிங்கை முன்னே தள்ளும் வேக்குவம் அட்வான்ஸின் ஹோஸைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு டைமிங் லைட் பிடிப்பது வழக்கம்.

படி 2: கார்புரேட்டர் வரை பெட்ரோல் ஒழுங்காக வருகிறதா?

எஞ்சினைக் கட்டும் மாதங்களில் டிரக் நின்ற இடத்திலேயே நிற்கிறது. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் பசையாகவும் துருவாகவும் மாறுகிறது. எனவே டேங்கைக் கழுவாமல் புதிய எஞ்சினோடு இணைக்க வேண்டாம். பழைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவை உள்ளுக்குள் உப்பி, உரிந்து, கறுப்புத் துணுக்குகளாகக் கார்புரேட்டருக்குள் போய்ச் சேரும். அனைத்தையும் மாற்றிவிடுவதே நல்லது. டேங்குக்கும் பம்புக்கும் இடையிலான ஹோஸில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

பம்பின் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். எஞ்சினால் இயங்கும் பம்புகள் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ. வரை தரும். ஹோலி கார்புரேட்டர் 7 வரை தாங்கும், கார்ட்டர் ஏ.எஃப்.பி. வகையும் அதன் வழிவந்த எடெல்பிராக்கும் 6க்கு மேல் போனால், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஊசி வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு ஓவர்ஃப்ளோ ஆகத் தொடங்கும். அழுத்தம் மட்டும் போதாது, அளவும் வேண்டும்: இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால், 30 விநாடியில் ஏறத்தாழ அரை லிட்டர் சேர வேண்டும். சேரவில்லை என்றால் டேங்கின் மூடியைத் திறந்து வைத்து மறுபடி பாருங்கள். அப்போது சேர்ந்தால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது.

படி 3: வேக்குவம் கேஜும் காற்றுக் கசிவும்

இந்த வேலைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் எஞ்சினின் இழுவையை அளக்கும் வேக்குவம் கேஜையே வாங்கச் சொல்வேன். கார்புரேட்டருக்குக் கீழே சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் அதைப் பொருத்தி, சூடான எஞ்சினை ஐடிலிங்கில் விட்டுப் பாருங்கள். கம்பெனி கேம் உள்ள நல்ல எஞ்சின், கடல் மட்டத்தில், 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை அசையாமல் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். வேகத்துக்காக வேறு கேம் போட்டிருந்தால் இன்னும் தாழ்வாக இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பவர் வால்வைத் (வேக்குவம் குறையும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) தேர்ந்தெடுக்க அது வேண்டும்.

முள் அசையாமல் தாழ்ந்து நின்றால் டைமிங் பிந்தியிருக்கிறது அல்லது எங்கோ காற்றுக் கசிகிறது. முள் சீரான இடைவெளியில் வெட்டி வெட்டி இறங்கினால் ஒரு வால்வில் குறை. மெல்ல ஏறியும் இறங்கியும் மிதந்தால் கலவையைச் சந்தேகிக்கலாம்.

காற்றுக் கசிவைத் தேடுவதில் பொறுமை வேண்டும். முதலில் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அந்தந்த வாயை அடைத்துப் பாருங்கள்: பிரேக் பூஸ்டர், பி.சி.வி. வால்வு (எஞ்சினின் அடியில் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குள் விடுவது), டிஸ்ட்ரிபியூட்டர், சில பழைய டிரக்குகளில் வேக்குவத்தால் ஓடும் வைப்பர் மோட்டார். எதை அடைத்தபோது எஞ்சின் சீரடைகிறதோ கசிவு அந்த வழியில் இருக்கிறது. அடுத்து கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட். ரிப்பேர் கிட்டில் பல மாடல்களுக்குப் பொதுவாக மூன்று நான்கு கேஸ்கெட்டுகள் இருக்கும். ஏறத்தாழ ஒரே போலத் தோன்றும் அவற்றில் தவறானதைப் போட்டால் ஒரு துளை மூடிப்போகும் அல்லது திறந்தே கிடக்கும். பழைய கேஸ்கெட்டை எறிந்துவிடாமல் புதியதன் மேல் வைத்து, துளைக்குத் துளை ஒப்பிட்டு, அதன்பின் கார்புரேட்டரின் அடிப்பாகத்தோடும் மேனிஃபோல்டோடும் ஒப்பிடுங்கள். நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில், சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். பலத்தைக் காட்டி முறுக்கினால் மென்மையான வார்ப்பு உலோகம் வளைந்துவிடும். வளைந்ததை மேலும் முறுக்கிச் சரிசெய்ய முடியாது. அடிப்பாகத்தைக் கழற்றித் தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, மூலைகளை அழுத்தினால் ஆடுகிறதா என்று பார்த்தால் வளைவு தெரியும்.

த்ராட்டில் ஷாஃப்டின் இரு முனைகளையும் விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பல ஆண்டு ஓடிய கார்புரேட்டரில் ஷாஃப்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். ரிப்பேர் கிட் எதுவும் இந்தத் தேய்மானத்தைத் தீர்ப்பதில்லை. துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் அடிக்க வேண்டும். ஐடிலிங் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வேகத்தில் வந்து நின்றால் இந்தக் காரணத்தை நினைவில் கொள்ளுங்கள்.

வி8 எஞ்சினில் இன்னொரு கசிவு உண்டு. அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் பலர் கார்புரேட்டரையே மாற்றியிருக்கிறார்கள். இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட் மேல்பக்கம் இறுக்கமாக இருந்து, உள்ளே டேப்பெட் பள்ளத்தின் (இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே டேப்பெட்டுகள் இருக்கும் இடம்) பக்கம் விட்டிருந்தால், எஞ்சின் அங்கிருந்து காற்றையும் எண்ணெய்த் துளிகளையும் இழுக்கும். வெளியிலிருந்து எந்த ஸ்பிரே அடித்தாலும் மாற்றம் தெரியாது. ஆனால் நீலப் புகை வரும், ஒன்றிரண்டு பிளக் எண்ணெயில் நனையும், புதிய ரிங் தோற்றுவிட்டது என்று மனம் சோரும். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பி.சி.வி. ஹோஸைக் கழற்றி அடைத்து, வால்வு கவரின் மற்றத் துளைகளையும் மூடி, எண்ணெய் ஊற்றும் வாயின் மேல் ஒரு மெல்லிய தாளை வையுங்கள். நல்ல எஞ்சினில் தாள் சற்று மேலே தள்ளப்படும். அது உள்நோக்கி இழுக்கப்பட்டால் கசிவு அந்தப் பள்ளத்தில்தான்; மேனிஃபோல்டைக் கழற்றாமல் வழியில்லை. சில முறை சூடாகிக் குளிர்ந்தபின் மேனிஃபோல்டு போல்ட்டுகள் தளர்வதும் உண்டு என்பதால், அவற்றை மறுபடி உரிய அளவில் முறுக்கிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவு தேடும் வழக்கம் பரவலாக உண்டு. சூடான எக்ஸ்ஹாஸ்ட்டுக்கு அருகே அது தீப்பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினில், மிகச் சிறிய அளவில் மட்டும் செய்யுங்கள்.

படி 4: கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

இதுவரை எல்லாம் சரி என்றால் இப்போது கார்புரேட்டரிடம் வரலாம். ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, எஞ்சினை 1500 ஆர்.பி.எம். அளவில் ஓட விட்டு, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, கார்புரேட்டரின் வாயில் காற்றைக் குறைக்கும் சோக் தகட்டை மெல்ல மூடுங்கள். ஓட்டம் சீரடைந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. மேலும் திணறினால் பெட்ரோல் மிகுதி. பாதியளவு மூடியபோது சற்றே மாறி, பிறகு கெட்டால் அளவு ஏறத்தாழ சரி. காசு செலவில்லாத இந்தச் சோதனை அடுத்த வேலையின் திசையைச் சொல்லிவிடுகிறது. பிளக்கின் முனையும் சாட்சி சொல்லும்: உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், வெளுத்த பீங்கான் பெட்ரோல் குறைவையும், பளபளக்கும் ஈரம் எண்ணெயையும் காட்டும்.

பெட்ரோல் மிகுதி என்றால் கிண்ணத்தின் மட்டத்தைப் பாருங்கள். ஹோலி கார்புரேட்டரில் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். டிரக் சமதரையில் நின்று ஐடிலிங்கில் ஓடும்போது அதைக் கழற்றினால், பெட்ரோல் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். டிரக்கை லேசாக ஆட்டினால் ஒரு துளி வழியலாம், தாரையாக வரக் கூடாது. மட்டத்தை மாற்ற, எஞ்சினை அணைத்து, மேலே உள்ள பூட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி நட்டைத் திருப்புங்கள். வலப்பக்கம் திருப்பினால் மட்டம் இறங்கும். ரோசெஸ்டர் போன்றவற்றில் மேல்மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் உயரத்தை கிட்டோடு வரும் தாளில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும்.

மட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஊசி வால்வில் தூசு சிக்கியிருக்கும், அல்லது மிதவை மூழ்கியிருக்கும். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்குங்கள்; உள்ளே பெட்ரோல் அலையும் ஒலி கேட்டால் அது ஓட்டை. கேட்காவிட்டாலும் வெந்நீரில் அமிழ்த்திப் பாருங்கள். மயிர்க்கால் அளவு துளையாக இருந்தாலும் உள்ளே உள்ள காற்று விரிந்து குமிழிகளாக வெளியேறும். கறுப்பு நுரைப்பொருளால் ஆன மிதவை ஓட்டையாவதில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போகும். அதைத் தராசில் வைத்துப் புதியதோடு ஒப்பிடுவதே வழி.

படி 5: ஐடிலிங்

கலவை ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் மெல்ல உட்கார வைத்து, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தி உட்கார வைத்தால் ஊசி முனையில் வளையம் விழும். பிறகு அது நுண்ணிய திருத்தத்துக்கு உதவாது. எஞ்சின் சூடாகி, சோக் முழுதாகத் திறந்தபின், ஒரு பக்கம் கால் சுற்று, மறுபக்கம் கால் சுற்று என்று மாறி மாறித் திருப்பி, வேக்குவம் மிக உயரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வேகம் கூடினால் வேக ஸ்க்ரூவால் குறைத்துவிட்டு, மறுபடி கலவையைப் பாருங்கள்.

ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் எஞ்சினில் மாற்றமே இல்லை என்றால், அது மிக முக்கியமான தடயம். த்ராட்டில் தகடு அளவுக்கு மேல் திறந்திருக்கலாம். தகட்டின் ஓரத்தை ஒட்டி, கார்புரேட்டரின் உட்சுவரில் செங்குத்தான ஒரு சிறு பிளவு இருக்கிறது. ஐடிலிங்கில் அதன் கீழ்முனை அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை, சதுரம் போலத் தெரிய வேண்டும். டைமிங் பிந்தியிருந்தாலோ காற்றுக் கசிவு இருந்தாலோ எஞ்சின் அணையாமலிருக்க நாம் வேக ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே போவோம். பிளவு முழுதும் திறந்து, பெட்ரோல் அந்த வழியே தாராளமாக வர, கலவை ஸ்க்ரூ செயலற்றுப்போகும். ஆகவே ஸ்க்ரூ பேசவில்லை என்றால் மறுபடி படி 1க்கும் 3க்கும் போங்கள். அங்கேயும் குறை இல்லாமல், ஐடிலிங்கில் கறுப்புப் புகையும் வந்தால், ஹோலி வகையில் பவர் வால்வின் சவ்வு கிழிந்திருக்கலாம். பழைய ஹோலிகளில் கார்புரேட்டர் வழியே ஒருமுறை வெடித்தாலே அது கிழிவதுண்டு. முதல் ஸ்டார்ட்டில் டைமிங் தவறியவர்கள் இதை மறக்க வேண்டாம். புதியது போடும்போது, ஐடிலிங் வேக்குவத்தில் பாதியளவில் திறப்பதாகத் தேர்ந்தெடுங்கள்: 13 அங்குலம் என்றால் 6.5.

படி 6: மிதித்தவுடன் திணறினால்

எஞ்சினை அணைத்து, கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் திறங்கள். கை அசைந்த அதே கணத்தில் பெட்ரோல் தாரை திடமாகப் பீச்ச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ, சற்றுத் தாமதித்து வந்தாலோ ஆக்சிலரேட்டர் பம்பில் குறை. பம்பின் ரப்பர் காய்ந்திருக்கலாம், லீவரில் தளர்வு இருக்கலாம், அல்லது பிரித்துக் கழுவியபோது உள்ளே இருந்த சிறிய குண்டு தொலைந்தோ இடம் மாறியோ இருக்கலாம். வெவ்வேறு அளவுக் குண்டுகள் வெவ்வேறு துளைகளுக்கு உரியவை. எனவே பிரிக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை மாற்றுவது இந்தத் திணறலுக்கு மருந்தல்ல. ஏர் கிளீனரும் எக்ஸ்ஹாஸ்ட்டும் முன்போலவே இருக்கும் டிரக்கில் ஜெட்டைத் தொடவே பெரும்பாலும் தேவை இராது.

கழுவ நேர்ந்தால், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அனைத்தையும் முதலில் எடுத்துவிடுங்கள். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரே அடித்து, அது மறுமுனையில் வெளிவருவதைக் கண்ணால் பார்த்த பிறகு காற்றால் ஊதுங்கள்.

படி 7: காலையிலும், சூட்டிலும்

ஓர் இரவு நின்றபின் நெடுநேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஒருமுறை ஆனபின் பகல் முழுதும் சிக்கலில்லை என்றால் கிண்ணம் இரவில் வற்றுகிறது. 1965இல் வந்த ரோசெஸ்டர் குவாட்ராஜெட்டில் இது பெயர்பெற்ற குறை: அடியில் உள்ள அடைப்புகள் வழியே பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் கசிகிறது. பெட்ரோலைத் தாங்கும் எப்பாக்சியால் அவற்றை மூடுவார்கள்.

சூட்டில் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஏர் கிளீனரை எடுத்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். முனைகளிலிருந்து பெட்ரோல் சொட்டினால் கிண்ணத்தில் அது கொதிக்கிறது. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், ஒரே மிதியாக அடிவரை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வாக, கிண்ணத்தின் மட்டத்தைச் சரிபார்த்து, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத ஸ்பேசர் வைத்து, பெட்ரோல் குழாயை எக்ஸ்ஹாஸ்ட்டிலிருந்து விலக்குங்கள். ஸ்பேசர் வைத்தபின் ஏர் கிளீனர் பானட்டில் இடிக்கிறதா, த்ராட்டில் முழுதாகத் திறந்து தானாக மூடுகிறதா என்று பார்க்காமல் சாலையில் ஏற்ற வேண்டாம்.

புதிய ரிங் படியப் படிய உராய்வு குறைந்து, ஐடிலிங் வேகம் தானாகவே ஏறும். எனவே சுமார் 800 கிலோமீட்டர் ஓடிய பிறகு எண்ணெய் மாற்றும்போது, டேப்பெட் இடைவெளி, மேனிஃபோல்டு போல்ட், டைமிங் ஆகியவற்றை அதே வரிசையில் மறுபடி பார்த்து, வேக்குவம் கேஜைப் பொருத்தி, கலவை ஸ்க்ரூக்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.